கரையும் என்று சொன்ன நூல்

போன வருடம் மார்ச் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்யும் யாழ்ப்பாணத்து நண்பர், இறைச்சி வெட்டும்போது உள்ளங்கையை ஆழமாக வெட்டிக்கொண்டார். நான் புதுச்சேரிக்காரன், ஓய்வுபெற்ற அரசு ஊழியன். பிரெஞ்சு பேசுவதற்காக என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

தையல் போட்ட டாக்டர் நிதானமாக விளக்கினார். நூல் ஒருவகைப் பாலிமர். உடம்புக்குள் மறைவதற்கென்றே செய்தது. நீண்ட சங்கிலி போன்ற அதை நம் உடம்பின் நொதிகள் கண்ணி கண்ணியாக வெட்டும், துண்டுகளை உடம்பே வெளியேற்றிவிடும், பிரிக்க வர வேண்டாம். ஆனால் நாளை மறுநாள் முதல் தினமும் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வேண்டும். நொதிகளைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். அந்தப் பெருமையில் டாக்டரிடம் இரண்டு கேள்விகள்கூடக் கேட்டேன். நண்பரிடம் மட்டும், "இது கரையுற நூல், பிரிக்க வேணாம். சுத்தமா வச்சுக்குங்க" என்று முடித்துவிட்டேன்.

ஆறாம் நாள் மெட்ரோ வாசலில் பார்த்தேன். கையில் பாலித்தீன் பை கட்டியிருந்தார்.

"குளிக்கேக்கையும் கழட்டுறேல்லை அண்ணை. மனுசி என்னைச் சீனிக்கட்டி எண்டு பகிடி பண்ணுறா."

அவர் மனைவியின் கேலிக்கு நானும் சிரித்தேன். அன்றைய நாட்குறிப்பில் 'கை நலம்' என்று எழுதியிருக்கிறேன்.

பத்தாம் நாள் காய்ச்சலோடு மறுபடி அதே டாக்டரிடம் போனோம். பைக்குள் வியர்வையில் புழுங்கி, கை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. சீழ் பிடித்தால் நூல் முன்கூட்டியே அறுந்துவிடுமாம், தையல் விட்டிருந்தது. ஏன் கழுவவில்லை என்று டாக்டர் கேட்டார். நண்பரிடம் கேட்டேன்.

"நீங்கள்தானே அண்ணை கரையிற நூல் எண்டு சொன்னியள். தண்ணி பட்டால் கரைஞ்சுபோடும் எண்டு பயந்திட்டன்."

டாக்டர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நண்பர்தான் தவறாகப் புரிந்துகொண்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன். தனக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்து நண்பர் நன்றியோடு தலையாட்டினார்.

அவருடைய இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. கத்தி பிடிக்க வராததால், அதே கடையில் நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்துக் பாத்திரம் கழுவுகிறார். பிரெஞ்சுக் கடிதம் எது வந்தாலும் இன்னும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை விளக்கிச் சொல்கிறேன். அன்று டாக்டரிடம் நான் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் அவருக்கு இன்றுவரை தமிழில் சொல்லவில்லை.