வேலாபியிடம் சொல்லியனுப்பியது

லேடிஸ்மித்தில் டாக்ஸி நிலையத்துக்கு எதிரே நான் சோளம் சுட்டு விற்கிறேன். பக்கத்துக் கொட்டகை நொமகுகுவுடையது. காருக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிறவர்களுக்கு விளக்கு வயர் இழுத்துக் கொடுப்பது அவள் தொழில். டிசம்பர் வந்துவிட்டால் ஜோஹன்னஸ்பர்க்காரர்கள் கட்டில், பிரிட்ஜ், ஆடு என்று பாதி வீட்டை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். பின்விளக்கு எரிகிறதா என்று மட்டும் எவனும் பார்க்கமாட்டான். போலீஸ்காரர் மறித்த பிறகு இவளிடம் ஓடி வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் குலத்தைத்தான் முதலில் கேட்போம். குலம் தெரிந்தால்தானே மரியாதையாகக் கூப்பிட முடியும்? நொமகுகுவிடம் கேட்டால், "நான் வயர் வீட்டுப் பொண்ணு. மஞ்சள் இடது, பச்சை வலது. போதுமா?" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே நிலையத்தில் ஒரு டாக்ஸி வேனிலிருந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பின் சீட்டில் கிடந்த எட்டு மாதக் குழந்தை அவள். எந்த ஊரில் ஏறினாள், யார் மடியில் வந்தாள் என்று ஓட்டியவனுக்கே தெரியவில்லை. பெயர் வைத்தது ஆஸ்பத்திரி நர்ஸ். "எல்லாரும் செத்தா அவங்க முன்னோர்கிட்ட போறாங்க. நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது அக்கா?" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். ஒரு சோளத்தைக் கையில் கொடுத்தேன்.

அன்று வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரம். தெருவில் புழுதி எழும்பி, விழ மனமில்லாமல் அப்படியே தொங்கியது. பழைய வெள்ளைக் கார் ஒன்று ட்ரெய்லரோடு வந்து நின்றது. ட்ரெய்லரில் இரண்டு வெள்ளாடுகள். ஓட்டி வந்தவள் கொன்சேனி என்ற பெண். பின் சீட்டில் அவள் கணவர் தெம்பலாகே மபாசோ, இலந்தைக் கிளை ஒன்றை முள்ளோடு நெஞ்சில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கிளையைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் தம்பி வேலாபி ஜோஹன்னஸ்பர்க்கில் செத்து ஒன்பது வருடம் என்று கொன்சேனி சொன்னாள். எங்கள் வழக்கப்படி செத்த இடத்துக்கே போய், ஆவியைக் கிளையில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். கிளை பிடித்தவர் வழி நெடுக அந்த ஆவியிடம் மட்டும்தான் பேசலாம். மற்றவரிடம் ஒரு சொல் பேசினாலும் ஆவி வழியில் இறங்கிவிடும்.

"இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். முன்னோருங்க குடியிருக்கிற தொழுவத்து வாசல்ல மாமியார் காத்திருக்காங்க. போலீஸ்காரர் விளக்கு எரியாம விடமாட்டேங்கிறாரு" என்றாள் கொன்சேனி. போக வேண்டிய தூரம் இன்னும் ஒன்றரை மணி நேரம்.

நொமகுகு இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னாள். இடதும் வலதும் பிரேக்கும் எல்லாமே சேர்ந்து மங்கலாக மினுங்கின. "எர்த் பிடிக்கல. வயர எங்க மாட்டியிருக்கீங்க?"

"எனக்கென்ன தெரியும்? போன கிறிஸ்துமஸுக்கு இவருதான் மெக்கானிக்கிட்ட கொண்டுபோனாரு."

நொமகுகு ஜன்னலில் குனிந்தாள். "ஐயா, எர்த் எங்க?"

அவர் விழித்தார். வாயைத் திறக்கப்போய் மூடிக்கொண்டார். கிளையை இன்னும் இறுக்கினார். டிக்கி முழுக்க மூட்டைகள். உள்ளே எந்தத் தகட்டுக்குப் பின்னால் என்று தேடினால் பொழுது போய்விடும். நொமகுகு மேற்கே பார்த்தாள். ஒன்பது வருடம் காத்திருந்தவன் இன்னொரு ராத்திரி தெருவில் நிற்பதா என்று அவளுக்குத் தாங்கவில்லை என நினைக்கிறேன்.

அப்போது அவர் கிளையிடம் பேசினார்.

"தம்பி, லேடிஸ்மித்ல நிக்கிறோம். பயப்படாத. ஒரு விஷயம் சொல்றேன், உனக்கு மட்டும்தான் சொல்றேன். அந்த வெள்ளை எர்த் வயர ஸ்டெப்னிக்குக் கீழ, வலது பக்க போல்ட்ல கட்டியிருக்கேன். பெயின்ட்டைச் சுரண்டாமலே கட்டிட்டேன். மெக்கானிக்கிட்ட போகல தம்பி. நானே செஞ்சேன்."

கொன்சேனி இடுப்பில் கை வைத்தாள். அவளும் கிளையைப் பார்த்தே பேசினாள். "கேட்டீங்களா கொழுந்தனாரே, உங்கண்ணன் லட்சணத்த! மெக்கானிக் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தாருன்னு கதை வேற!"

"தம்பி, ஊர் போய்ப் பேசிக்கலாம்னு இவகிட்ட சொல்லு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆடுகூடச் சிரித்திருக்கும்.

நொமகுகு மூட்டைகளை இறக்கினாள், போல்ட்டைக் கழற்றினாள், பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளித் தகடு தெரிந்ததும் வயரை முறுக்கி மாட்டினாள். "இடது!" எரிந்தது. "வலது!" எரிந்தது. பிரேக்குக்கு இரண்டு பக்கமும் பளிச்சென்று சிவப்பு. வெயிலையும் மீறித் தெரிந்த அந்தச் சிவப்பை நான் சோளத்தைக் கருகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளை பிடித்தவரால் நன்றி சொல்ல முடியாது. அவர் கிளையைத் தாழ்த்தினார்.

"தம்பி, இந்தப் பொண்ணு உனக்காக முட்டி போட்டு வேலை செஞ்சா. மரியாதையா கூப்பிட ஆசை, குலம் தெரியல. தெரிஞ்சா வீட்ல பெரியவங்ககிட்ட சொல்லலாம்."

நொமகுகு வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. துணியால் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவரைப் பார்க்காமல், கிளையைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்குக் குலம் தெரியாது. டாக்ஸில விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க போற இடத்துல எல்லாரும் இருப்பாங்கல்ல? இந்த ஊர் டாக்ஸி நிலையத்துல பச்சப்புள்ளைய விட்டவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கொஞ்சம் விசாரிங்க. இருந்தா, எனக்குக் கோவம் இருக்குன்னு சொல்லுங்க. நிறைய இருக்கு." துணியைத் தோளில் போட்டாள். "இருந்தாலும் வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

கொன்சேனி சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். தெம்பலாகே இலைகளின் மேல் வாயை வைத்து, ஒரு சொல்லும் விடாமல் திரும்பச் சொன்னார். "டாக்ஸி நிலையம், பச்சப்புள்ள. கோவம் இருக்கு. வரச் சொல்றா. மறந்துடாத தம்பி. முதல் வேலையா இதைக் கேளு."