சிறுகுறிஞ்சானை நம்பியவள்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது தொண்ணூற்றாறில். வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் மூக்கை நுழைத்தவள் நான்தான்.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் டீச்சர் ஒருவர், சர்க்கரைக்குக் கைகண்ட மருந்து என்று ஒரு பை நிறைய சிறுகுறிஞ்சான் இலை கொண்டுவந்தார். வேலியில் படரும் கொடி. இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போடச் சொன்னார். போட்டேன். மணலை மென்ற மாதிரி இருந்தது. இனிப்பு என்பதே இல்லை. அசந்துபோனேன்.

அன்று சாயங்காலமே என் கணவரையும் மெல்ல வைத்தேன்.

"நாக்குலயே சக்கர செத்துப்போவுது, ரத்தத்துல மட்டும் நிக்குமா? மாத்திரைய விட்டுத் தொலைங்க. ஜாஸ்தி போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்க."

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்றார்.

"அவரு விட்டுடுன்னா சொல்லப்போறாரு?"

மாத்திரை அட்டைகளை நானே குப்பையில் போட்டேன். இத்தனைக்கும் நான் பாடம் நடத்துவது அறிவியல். காபிக்கு மறுபடியும் சர்க்கரை போட ஆரம்பித்தேன். ஒரு வருடம் ரத்தப் பரிசோதனைப் பக்கமே நாங்கள் போகவில்லை.

அடுத்த வருடம் ஒரு பௌர்ணமி கிரிவலம். வழக்கம்போல வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு விடிந்ததும் வந்தார். காபியோடு கூடத்துக்கு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வாசலிலிருந்து நாற்காலி வரை வெள்ளைத் தரையில் வலது பாதம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டு ஆழமாக ஏறியிருந்தது.

"வலிக்கலியாங்க?"

"எது?" என்றார்.

அந்த "எது?" இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்க்கரை ஏறிக் கிடந்ததில் பாதம் மரத்துவிட்டது, புண் ஆறுவது கஷ்டம், விரல்களை எடுக்க வேண்டி வரலாம் என்றார். இலை மரக்கச் செய்தது நாக்கை மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. "நானாதான் விட்டுட்டேங்க. இவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா, நான் கேக்கல."

டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.