காற்று வள்ளத்துக்கு ஒரு ஹூடு

“…விடாம இருக்கட்டும்டே, ஒரு தையலும் விடாம நூறு வருசம் இருக்கட்டும். நான் கேக்கது ஒண்ணுதான். நீ அதைத் தச்சது எனக்கா, உன் பேருக்கா?”

அக்கா இதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கரமனையில் என் கடை வாசலில் நின்று, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். சீட்டுக்கு உறை மாற்ற வந்திருந்த ஆட்டோ டிரைவர் ஒருவர் சட்டென்று தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தெருவுக்கு எதிரே இதே தொழில் செய்கிற இன்னொரு கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.  

ஆட்டோவின் மேற்கூரைத் துணியான ஹூடு தைப்பது என் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ஹூடு ஒன்றைப் பிரித்து, பிரித்த வழியிலேயே திரும்பத் தைத்துக் கற்றுக்கொண்டேன். ஹூடு நன்றாக இருக்கிறதா என்று டிரைவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மத்தளம் மாதிரி ‘டம்’ என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று காற்றில் அடிக்கிற ஹூடோடு ஒருத்தன் தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் தீர்ந்தது. “உன் வண்டி பறக்கப் போகுதா, முட்டையிடப் போகுதா?” என்று கேட்பார்கள். படபடக்கிற ஹூடும் முணுமுணுக்கிற மாமியாரும் இருக்கிற இடத்தில் தூக்கம் வராது என்று ஒரு டிரைவர் சொன்னதை, வருகிற ஆளுக்கெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிவந்தேன். அந்தப் பேச்சில்தான் என் கடை ஓடுகிறது என்றுகூடச் சொல்லலாம். இழுத்துக் கட்டுவேன், இரட்டைத் தையல் போடுவேன், கட்டினது அவிழாது. இதுதான் என் பேர்.

அக்காவின் தொழில் தாமரை. வெள்ளாயணிக் காயலில் பூப்பறிக்கிற சிலரில் அவளும் ஒருத்தி. அத்தான் இறந்துபோன பிறகு அவருடைய பங்கை, அதாவது குத்தகைக்காரர் அவருக்கென்று ஒதுக்கியிருந்த தாமரைப் பரப்பை, இவள் ஏற்றுக்கொண்டாள். விடியுமுன் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறினால் பூ கிழக்கேகோட்டைச் சந்தைக்குப் போய்விடும். மர வள்ளம் பழுதானபோது, கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் வேண்டாமென்று ஒதுக்கிய காற்றடிக்கிற படகு ஒன்று கிடைத்தது. இரண்டு பக்கமும் தடித்த குழாய், நடுவில் பலகை, இரண்டு துடுப்பு. ‘காத்து வள்ளம்’ என்று பேர் வைத்தாள். “தண்ணிக்குமேல தண்ணி மாதிரி போகுதுடே, ஒரு இலை மடங்கல” என்று அதைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலரும்.

அந்த முகத்தில்தான் போன வருடம் சிவப்பாகத் தடிப்பு வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் பரவி, கை முட்டிகளும் வீங்கின. பெரியாஸ்பத்திரியில் பல சோதனைகள் செய்து, உடம்பே தன்னை எதிரியாக நினைத்துக்கொள்கிற நோய் என்றார்கள். “அப்போ எங்க குடும்பத்துக்கு வரவேண்டிய நோய்தான்” என்று அக்கா டாக்டரிடமே சொன்னாளாம். மாத்திரை கொடுத்து, வெயில் படவே கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். குடை பிடித்துக்கொண்டு போகலாமே என்று டாக்டர் சொன்னதை அக்கா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு கையும் பூவுக்கு, குடையைத் தாமரையா பிடிக்கும்?

சிரித்தாளே தவிர பயம் இருந்தது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுப் பார்த்தாள். தடிப்பு குறையவில்லை. காயல் வெயில் மேலேயிருந்து ஒரு தடவை அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு தடவை அடிக்கும். காயலில் இறங்காவிட்டால் பங்கு கைமாறிவிடும். பங்கு போனால் வேறு வேலை தெரியாது, ஐம்பத்தாறு வயதில் யாரும் கற்றுத்தரவும் மாட்டார்கள். ஆகவே நிழலோடு இறங்க வேண்டும். என்னிடம் வந்தாள்.

என்ன வேண்டும் என்று அவள் தெளிவாகவே சொன்னாள், இப்போதும் அது என் காதில் இருக்கிறது. மேலே மட்டும் துணி போதும், லேசான துணி. உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் போதும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். அப்புறம் ஒன்றை விரல் நீட்டிச் சொன்னாள்.

“துணியைக் கட்டுற கயிறு ஒரு இழுப்புல அவுரணும். கரையில நிக்கிறவனுக்குக் காத்து விசிறி, வள்ளத்துல இருக்கவளுக்கு அது கை. பிடிச்சுத் தள்ளும். புரிஞ்சா?”

தலையை ஆட்டினேன். இந்த வரி நன்றாயிருக்கிறதே, நாளைக்கு ஒரு டிரைவரிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்கள் சொல்கிற வாக்கியங்களைச் சேர்த்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வாக்கியத்தைச் சேர்த்தேன், சொன்னதைக் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாத பகுதியையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். காற்றுக் குழாயில் ஆணி, திருகு எதுவும் அடிக்க முடியாது. ஹூடைத் தாங்குகிற கம்பியை நிறுத்த, குழாய்மேல் ரப்பர் பட்டை ஒட்டி அதில் குழி வைக்க வேண்டும். நான் ரெக்சினுக்கு வைத்திருக்கிற பசை அதில் பிடிக்காது, வெயில் பட்டால் உரிந்துவிடும் என்று பஞ்சர் கடைக்காரர் எச்சரித்தார். அவர் சொன்ன பசையையே தேடி வாங்கினேன். இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, துடைத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்க வெயிட் வைத்தேன். கம்பி முனை குழாயைக் குத்தாதபடி டியூப் துண்டு மாட்டினேன். இரும்பு வேண்டாமென்று அலுமினியம் போட்டேன். இத்தனையும் நாலு பேரைக் கேட்டுச் செய்தது.

கேட்காமல் செய்தது துணி வேலை. அது எனக்குத் தெரியுமே.

லேசான துணியை வெட்டி வைத்துப் பார்த்தேன். கல்யாணப் பந்தலில் கிழிந்து தொங்குகிற மாதிரி இருந்தது. என் கடையிலிருந்து இப்படி ஒன்று போவதா? ஆட்டோ ரெக்சினை எடுத்தேன். வெயில் பக்கத்திலிருந்தும் வருமே என்று இரண்டு பக்கமும், மழைக்கு ஆட்டோவில் இறக்குவது போல, குழாய்வரைக்கும் திரை வைத்தேன்; பூவையும் துடுப்பையும் முன்பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. திரை ஆடாமலிருக்கத் திருகு பொத்தான்கள். மண்டியிட்டாலும் தலை இடிக்காமலிருக்க ஒரு சாண் உயரம் கூட்டினேன். முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ வேண்டும் என்றாளே, அதை நினைக்காமலில்லை. ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு, காற்றில் தானாகவும் அவிழும். அவிழ்ந்தால் நாலு பேர் முன்னால் என் பேர்தானே போகும்? இரட்டை முடிச்சுப் போட்டு, முனையைத் தைத்தும் விட்டேன். சுண்டிப் பார்த்தேன். ‘டம்’.

கரையில் கொண்டுபோய் மாட்டிய அன்று அக்கா சுற்றிவந்து பார்த்தாள்.

“இதென்னடே, ஓட்டோவா?”

கூடப் பறிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் சாலையில் நிற்பது போலக் கை காட்டி, “சேச்சி, கிழக்கேகோட்டை போகுமா?” என்று கேட்டார். அக்காவும் சிரித்துவிட்டாள். பக்கத்துத் திரை வேண்டாமென்று ஒரு தடவை சொன்னாள், முடிச்சைத் தொட்டுப் பார்த்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பத்து நாள் பார், பிடிக்கவில்லையென்றால் மாற்றித் தருகிறேன் என்றேன். தம்பி ஆசையாகத் தைத்தது, அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பாள்?

பத்து நாளில் முகத்துத் தடிப்பு வடிந்தது. இதை நான் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நிழல் நிழல்தான். அவள் என்னைப் புகழ்ந்ததாக ஆட்கள் வந்து சொன்னார்கள். பத்து மணிக்குக் கரையேறுகிறவள், நிழல் இருக்கிற தைரியத்தில் பதினொன்று, பன்னிரண்டு என்று நிற்க ஆரம்பித்தாள். மதியத்துக்கு மேல் காயலில் காற்று எழும்பும் என்பது அவளுக்குத் தெரியாததா? நிழல் கிடைத்ததும் நேரம் மறந்துபோகும் போலிருக்கிறது.

ஒரு கோயில் உற்சவத்துக்கு நிறையப் பூ கேட்டிருந்த நாள் அது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு முன்னால் காற்று வந்தது. நடந்ததைக் கூடப் பறிக்கிறவர் ஒருவர் என்னிடம் சொன்னார். காற்று திரையில் அடித்ததும் வள்ளம் பக்கவாட்டில் ஓடியது, பாய் விரித்த மாதிரி. அக்கா துடுப்பை விட்டுவிட்டு முடிச்சைப் பிடித்தாள். நாளும் காயல் தண்ணீரில் ஊறிய கயிறு, இரட்டை முடிச்சு, தைத்த முனை. திருகு பொத்தான் ஒன்றைக் கழற்றினாள். அடுத்ததற்குக் கை போகுமுன் வள்ளம் புரண்டது.

அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான். நெஞ்சளவுத் தண்ணீரில் எழுந்து நின்றால் போதும். ஆனால் மேலே ஹூடு, இரண்டு பக்கமும் திரை, காலைச் சுற்றித் தாமரைத் தண்டு, கீழே சேறு. அவள் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டதாம். ஓடிவந்தவர்கள் ரெக்சினைக் கிழிக்கப் பார்த்தார்கள், கிழியவில்லை. தையலைப் பிடித்து இழுத்தார்கள், விடவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து வள்ளத்தையே புரட்டித் தூக்கினார்கள். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டி வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. வாய் நிறையச் சேறு.

தகவல் கேட்டு நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் ஹூடைத் தட்டிப் பார்த்து, “இது ஆரு தச்சது? வள்ளம் மறிஞ்சும் ஒரு தையல் விட்டில்ல, கேட்டோ” என்றார். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நொடி. அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்த நல்ல குணத்தை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மனிதனுக்கு வசதியான அர்த்தம்தான் முதலில் கிடைக்கும். ஹூடைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, சேறு கழுவி, வாசலில் காயப்போட்டேன். அது இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. நான் எடுத்து வைக்கவில்லை. வருகிறவர்கள் இதென்ன என்று கேட்பார்கள், நான் சொல்வேன். முதலில் அக்கா கையொடிந்த கதையாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நகர்ந்து, எங்கேயோ வைத்துத் தையலின் கதையாகிவிட்டது.

ஆறேழு வாரம் கழித்து, கட்டுப் பிரித்த மறுநாள், அக்கா பஸ் பிடித்து வந்தாள். வரப் போவதாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் காயலில் இறங்காவிட்டால் பங்கை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகக் குத்தகைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். கை முழுசாக மடங்கவில்லை. முகத்தில் தடிப்பு பழையபடி ஏறியிருந்தது. ஹூடை மாற்றித் தைத்து வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரெக்சினைச் சுண்டியபடி, சீட்டு மாற்ற வந்த டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“கவுந்து சேத்துல கிடந்துச்சு அண்ணாச்சி. நாலு ஆளு இழுத்தும் ஒரு தையலு விடல.”

டிரைவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். அக்கா அதைக் கேட்டாள்: எனக்கா, உன் பேருக்கா.

உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதி நிஜம்தானே? மாற்றித் தருகிறேன், உட்கார் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

 அக்கா வாசல் கொக்கியிலிருந்து ஹூடை இடது கையால் உருவினாள். கனமான ரெக்சின், ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. பிடிக்கப் போனேன், தோளைத் திருப்பிக்கொண்டாள். பதினொரு மணி வெயில். முந்தானையைத் தலைக்கு இழுக்கக்கூடக் கை இல்லாமல், அந்த வெயிலில் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனாள். அவர் எழுந்து ஸ்டூலை நிழலில் போட்டார். அக்கா உட்காரவில்லை. அவர் மேஜைமேல் ஹூடை விரித்து, என் முடிச்சு ஒவ்வொன்றையும் இடது கை விரலால் தொட்டுத் தொட்டு, எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒரு இழுப்பில் அவிழ வேண்டும் என்று அவருக்குக் காட்டத் தொடங்கினாள்.