இடப்பக்கத் திரையும் அழகர் அண்ணனும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அழகர் அண்ணன் ஏறி வந்தபோது மணி பன்னிரண்டே கால். என் வேலை இரண்டு மணிக்குத் தொடங்கும். காலை ஏழு மணிக்கே ஃபோன் போட்டும், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு வர இந்த மனிதருக்கு ஐந்து மணி நேரமா என்று வாசலில் வைத்தே நாலு வார்த்தை கேட்கக் காத்திருந்தேன். படிக்கட்டின் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்ததும் இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.

"பஸ் நின்னுபோச்சு தங்கச்சி. மூணு கட்டை நடந்து வர்றேன்" என்றார். மூன்று மைல், அதுவும் ஏற்றம்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. பார்த்தால் பத்துக் கூட்டிச் சொல்லலாம். நமுனுகுலப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர். பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பன்னிரண்டு வருடம் திருத்துகிற வேலை பார்த்தார். முதலாளியின் மருமகன் வந்து உட்கார்ந்ததும் இவருக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து தோளில் ஒரு பை, கையில் பஸ் டிக்கட். டவுன்காரர்களுக்குக் கடைகள் இருக்கின்றன. மலைக்கு ஏறி வருகிறவர் இவர் ஒருவர்தான். தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் மட்டும் ஒன்பது வீடுகள் அவரை நம்பியிருந்தன. அவரும் அந்த ஒன்பதை நம்பித்தான் இருந்தார். "ஒரு லயத்துல பேர் கெட்டா, அடுத்த லயத்துக்கு நான் ஏறுறதுக்குள்ள அது ஏறிரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அந்த ஊர்க் கடைகளின் தட்டுகளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். எந்தத் தட்டில் எந்தச் சவர்க்காரம் குறைகிறது என்று நான் குறிக்க வேண்டும். இடப்பக்க மொனிட்டரில் படம், வலப்பக்க மொனிட்டரில் பட்டியல், நடுவில் லெப்டொப்பில் மேற்பார்வை செய்கிறவள். இவற்றை ஒன்றாகக் கட்டி வைப்பது டொக் என்கிற உள்ளங்கை அளவுப் பெட்டி. மொனிட்டர் வயர்கள் அதன் துளைகளில் போய்ச் சேரும், அதிலிருந்து ஒரே ஒரு வயர் லெப்டொப்புக்கு வரும். எல்லாவற்றையும் முதலில் மாட்டித் தந்தவர் அழகர் அண்ணன்தான். வேலை தொடங்கும்போது மூன்று திரையும் எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரியாவிட்டால் அன்று நான் வரவில்லை என்று கணக்கு. அடுத்தடுத்து இரண்டு நாள் வராவிட்டால், தோட்டத்தில் சொல்வது போல, பேரை வெட்டிவிடுவார்கள். எனக்கு நேற்று ஒரு நாள் போயிருந்தது.

என் பேரை வெட்டினால் அம்மா மறுபடி கொழுந்துக் கூடையை மாட்டுவாள். முப்பத்தொரு வருடம் மலை ஏறிய முதுகு அது. போன வருடம்தான் நான் சண்டை போட்டு நிறுத்தினேன்.

"கடைசியா எப்ப ஒழுங்கா இருந்துச்சு?" என்று கேட்டார் அழகர் அண்ணன்.

"மூணு நாளைக்கு முன்ன. முந்தாநாள் சரஸ்வதி பூசை, லீவு. நேத்துக் காலையில மாட்டுனா இடப்பக்கம் இருட்டு. வலப்பக்கம் விட்டு விட்டு மினுக்குது. அணைச்சுப் போட்டேன், அப்டேட் போட்டேன், தலைகீழாவும் நின்னு பாத்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். உட்காரவே அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

அவருடைய முறை எரிச்சலூட்டுகிற முறை. கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். எல்லா வயரையும் கழற்றிப் பரப்பினார். இடப்பக்க மொனிட்டரை டொக் இல்லாமல் நேரே லெப்டொப்பில் மாட்டினார். பளிச்சென்று எரிந்தது. "மொனிட்டர் சுகம், வயரும் சுகம்" என்றார். வலப்பக்கமும் அப்படியே சுகம். பிறகு டொக்கின் வழியாக ஒவ்வொன்றாக மாட்டினார். முதல் துளையில் எதை மாட்டினாலும் மினுக்கி மினுக்கியாவது எரிந்தது. இரண்டாவது துளையில் எதை மாட்டினாலும் இருட்டு. கடைசியில் டொக்கின் கரண்டைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செத்துப் பிழைத்தேன். திரும்ப மாட்டினார். இருட்டுத்தான்.

அம்மா பிளேன்டீ கொண்டு வந்தாள். "இருக்கட்டும்மா, முதல்ல எரியட்டும்" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

மணி ஒன்று பத்து. "புது டொக்தான் வாங்கணுமா அண்ணே?"

"வாங்கலாம். ஆனா அது கொழும்புல இருந்து வரணும் தங்கச்சி, நாலு நாளாகும்."

அவ்வளவுதான், என் பேர் போயிற்று என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்து, அந்த இரண்டாவது துளைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மா எங்கே என்று பார்த்தார். அவள் குசினிக்குப் போயிருந்தாள்.

"சந்தனம்" என்றார், மெதுவாக.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெஷின், என் லெப்டொப், டொக் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன. சோறு போடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். டொக்குக்கு எது முகம், எது முதுகு என்று அம்மாவுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? துளைகள் இருக்கிற பக்கம்தான் முகம் என்று நினைத்து, அதை நிமிர்த்தி வைத்து, குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அங்கேயே அப்பியிருக்கிறாள். மறுநாள் காலை அவசரத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வயரைச் செருகியவள் நான். மிச்சத்தை உள்ளே தள்ளி இறுக்கியவளும் நானேதான்.

அவர் எங்கள் பழைய டூத்பிரஷ் ஒன்றை வாங்கி, நாலு மயிரை மட்டும் விட்டு வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தையின் காதைத் துடைப்பது போலத் துடைத்தார். மஞ்சளாக வந்தது, சிவப்பாக வந்தது. காயவைத்து மாட்டியபோது ஒன்று நாற்பது. இடப்பக்கம் எரிந்தது. வலப்பக்கம் மினுக்குவதும் நின்றது.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "என்ன கோளாறு தம்பி?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "என் பிழைதாம்மா. அன்னைக்கு மாட்டுனப்ப ஒரு வயரை ஒழுங்கா இறுக்காம போயிட்டேன்."

அம்மாவின் முகம் மாறிப்போயிற்று. "எம்புள்ள நேத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. ஒரு வயரை இறுக்கத் தெரியாமயா இத்தனை வருசமா பொட்டி திருத்துறீங்க?"

அவர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். காசும் வாங்கவில்லை, தன் பிழைக்குக் காசு எதற்கு என்றார். படிக்கட்டு வரை நான் கூடப் போனேன்.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க தங்கச்சி. சாமி கும்பிட்டு வச்சது. அதுவே மகளோட வேலைக்கு வெனையா வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த மனசு தாங்காது."

"உங்க பேரு கெட்டுப் போகுமே அண்ணே."

"எனக்குக் களைப்பா இருக்கு. போய்ட்டு வர்றேன்" என்று பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

இரண்டு மணிக்கு மூன்று திரையும் எரிந்தன. மேற்பார்வைக்காரி சரி என்று ஒரு சொல் போட்டாள். அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த நாள் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பீலியடியில் வைத்து, பதுளைக்காரனின் வேலை லட்சணத்தை அம்மா எல்லோருக்கும் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நாலு பேர் ஏமாறக் கூடாது என்றுதான். ஒன்பது வீடு ஒரு மாதத்தில் ஐந்தாயிற்று. மற்றவர்கள் பாரமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கே போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் மனசுக்காக என்று சொல்லிக்கொண்டேன். துடைத்தவள் நான் என்பதும் சேர்ந்து வெளியே வருமே என்பதுதான் உண்மையான பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துக் காம்பரா தயானி அக்கா வந்தாள். மகள் ஏ.எல். படிக்கிறாள்; அவளுடைய லெப்டொப் எரியவில்லை.

"கம்சலா, அந்த அழகரைக் கூப்பிடலாமா? அவரு வேலை எப்படின்னு உனக்குத்தானே நல்லாத் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து, "அந்தாளா? ஒரு வயரை இறுக்கத் தெரியாது!" என்றாள்.

தயானி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எனக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.