எலிப் பெட்டியின் காற்றுக்கசிவு

ஆய்வகத்தில் எனக்கு முன்கோபக்காரி என்று பெயர். பெயருக்குக் குறை வைக்காமல்தான் நடந்துகொள்வேன். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, மாமல்லபுரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்கிறவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

இழுப்பு நோய் வரவழைத்த எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, மூச்சு சீராகிறதா என்று அளப்பது என் வேலை. மூன்று வருடமாக அந்த ஒரே மருந்துதான். அளக்கிற கருவியில் பெரிய மாயம் ஒன்றுமில்லை, மூடி போட்ட ஒரு பெட்டி. எலியை உள்ளே விட்டு மூடியை இறுக்கினால், அது மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே அழுத்தம் துளி ஏறி இறங்கும். கணினியில் அது அலையாக ஓடும். எலி திணறினால் அலை பெரிதாகும், நிம்மதியாக இருந்தால் சிறிதாகும்.

மருந்து கொடுக்காத எலிகளை ஆயுத பூஜைக்கு முன்பே அளந்து முடித்திருந்தேன். மருந்து கொடுத்த பன்னிரண்டையும் லீவு முடிந்து வந்து அளந்தேன். அலைகள் அப்படிச் சுருங்கியிருந்தன! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே பேராசிரியருக்குப் போன் போட்டேன். அவரும் சந்தோஷத்தில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒரு கூண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். என் வயதுதான் இருக்கும். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது எல்லாம் அவர்தான்.

"மேடம், இதுக்கு நல்லாவலியே. வவுத்தப் பாருங்க, எப்டி இழுத்துகினு கீது."

"மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் அசரவில்லை. "எங்க வூட்டுக்காரரு மாமல்லபுரத்துல கல்லு கொத்துறாரு. தூசில இழுப்பு வந்துகினே இருக்கும். வவுத்தப் பாத்தே சொல்லிடுவேன், இன்ஹேலர் எடுக்கணுமா வேணாமான்னு. இந்த மருந்து எப்போ கடைக்கு வரும்னு உங்கள நச்சரிச்சுகினு இருந்தவளே நான்தான். ஆனா இது நல்லாவல மேடம்."

அவர் வாயை அடைப்பதற்காகவே சோதித்துக் காட்டினேன். காலிப் பெட்டியை மூடி, சிரிஞ்சால் கொஞ்சம் காற்றைத் தள்ளினேன். திரையில் கோடு ஏறி, ஏறிய இடத்தில் ஓரளவு நிற்க வேண்டும். ஏறிய வேகத்தில் சரிந்தது. தினமும் காலையில் செய்ய வேண்டிய சோதனை அது. லீவு முடிந்து வந்த அவசரத்தில் நான் ஒருநாளும் செய்யவில்லை.

குழாய்களை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு அடைத்துப் பார்த்தேன். அப்போதும் சரிந்தது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கருவி விற்றவனைத் திட்டினேன், வெளியே பெய்த மழையைத் திட்டினேன். அவர் நான் ஓயும்வரை காத்திருந்தார்.

"எலிக்கு வைக்கிற தண்ணி பாட்டில் மாதிரிதானே மேடம் இதுவும்? ரப்பர்ல மண்ணு கிண்ணு ஒட்டிகினா ஒழுவும்."

மூடியைத் திறந்து, அதன் கீழிருந்த ரப்பர் வளையத்தின் மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். முக்கால் சுற்று போனதும் விரல் நின்றது. நகத்தால் நெம்பி எடுத்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மஞ்சளாக, காய்ந்து கல்லாகிப்போன ஒரு பொருக்கு.

சந்தனம். பூஜையன்று தராசு முதல் ஃபிரிட்ஜ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். இந்தப் பெட்டிக்கு மட்டும் யாரையும் தொட விடாமல், என் மெஷின் என்று நானே தாராளமாக அப்பினேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தபோது கரைந்து வளையத்துக்குள் வழிந்திருக்கிறது. என் பக்தி கொஞ்சம் ஓவராகிப் போனது.

துடைத்துவிட்டு மறுபடி காற்றைத் தள்ளினேன். கோடு நின்றது. அதைக் கண்டுபிடித்த விரலையும், அதற்கு முன்னால் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தக் கண்ணையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புதான். படித்தவள் நான். பார்த்தவர் அவர்.

ஆனால் அந்த நிமிஷம் பயம்தான் வந்தது. ஓட்டைப் பெட்டியில் அலை தானாகச் சுருங்கும். அப்படியானால் மருந்து? பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். விஷயம் தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். அந்த மருந்து பலிக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டிருந்தவர் அவர். அவரே கூண்டைத் திறந்து எலியைப் பதமாகப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார்.

மூடியை இறுக்கினேன். அலை எழுந்தது. எழுந்து எழுந்து, மருந்தே கொடுக்காத எலியின் அலை உயரத்துக்கு வந்து நின்றது.

"வேலை செய்யலங்க," என்றேன். அழுதேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். எலியை எடுத்துக் கூண்டில் விட்டு, தண்ணீர் பாட்டிலைச் சரிசெய்தார்.

"இன்னும் பதினொண்ணு கீது மேடம்," என்றார். "எடுத்தாரட்டா?"