கோமளாவுக்கு உறை ஊற்றினோம்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் கோமளா படுத்துக் கிடந்தாள். வயிறு உப்பி, கண் செருகி, அசைபோடாமல்...

கோமளா, சரவணனின் ஒரே பசு. தெருவில் பாதி வீட்டுக் காபி அவள் தயவு. சரவணன் வீட்டு அடுப்பும் அப்படித்தான்.

என்ன ஆச்சு? பாசம் ஆச்சு! முந்தின நாள் வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கல் ஊட்டியிருக்கிறோம். அவரவர் கொடுத்தது ஒரே ஓர் இலைதான். தெருவோ நீளம்.

"திருஷ்டி பட்டுடுத்து" என்றார் எதிர்வீட்டு வைதேகி மாமி.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய கால்நடை டாக்டர் — சின்னப் பெண் — கோமளாவின் இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"அரிசியும் வெல்லமும் உள்ள புளிச்சுப்போச்சுங்க. வைக்கோலைச் செரிக்க வைக்கிறதே மாட்டு வயித்துல இருக்கிற கிருமிங்கதான். இந்தப் புளிப்புல அதுங்க செத்துப்போச்சு."

"பொழைச்சுக்குமா டாக்டரம்மா?" சரவணன் கோமளாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"பார்ப்போம். நல்லா இருக்கிற பசு ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க."

சலைன் ஏறியது. ஆப்ப சோடாக் கரைசல் டியூப் வழியாக உள்ளே போனது. பக்கத்துத் தெருப் பசு வந்து நின்றது. நிதானமாக அசைபோட ஆரம்பித்தது — மென்ற கவளத்தை அதன் வாயிலிருந்து லபக்கென்று எடுத்துவிட்டார் டாக்டர்!

மாமி பதறிப்போனார். "பெருமாளே! ஒரு மாட்டோட எச்சலை இன்னொண்ணுக்குக் குடுப்பாளோ?"

"உங்க வீட்ல உறைமோர் தீந்துட்டா என்ன பண்ணுவீங்க மாமி?"

"பக்கத்தாத்துல ஒரு கரண்டி வாங்கிப்பேன்."

"அதேதாங்க இதுவும். கோமளாவுக்கு உறை ஊத்துறோம்."

மாமி உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். சொம்பும் கையுமாகத் திரும்பி வந்தார். "ஜலம் வெதுவெதுன்னு இருக்கு. இதுல கரைச்சுக்கோ."

எங்கோ, யாரோ சில ஆராய்ச்சியாளர்கள், மாட்டு வயிற்றின் இருட்டுக்குள் வருடக்கணக்காக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இவர்களைப் போன்றவர்கள்தான் உப்பில் அயோடின் கலந்து கழுத்துக் கழலையை விரட்டினார்கள். சொட்டு வைட்டமினால் மாலைக்கண்ணைத் துரத்தினார்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரால், பேதியில் துவண்ட பிள்ளைகளை எமனிடமிருந்து பிடுங்கி வந்தார்கள். இவர்களுக்குக் கோபுரம் உண்டா, தேர் உண்டா? தினம் நம் தட்டில் இருக்கிறார்கள்... அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன்.

கோமளா நின்றுகொண்டிருந்தாள்! பெரிய ஏப்பம் ஒன்று — காவிரிப் பாலம் தாண்டிக் கேட்டிருக்கும். பிறகு தாடை மெல்ல அசைந்தது. இடம்... வலம்... இடம்... சரவணன் அழுதுகொண்டே சிரித்தான். தெருவே கைதட்டியது. எத்தனையோ தேரோட்டம் பார்த்த தெரு இது. அன்று ஒரு தாடை அசைந்ததற்குக் கொண்டாடியது!

போன வெள்ளிக்கிழமை, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு கோமளாவை நெருங்கினார். வைக்கோல் கட்டோடு வந்த மாமி குறுக்கே பாய்ந்துவிட்டார்.

"அதை என்கிட்ட குடுங்கோ. என் வயத்துல நாலு கிருமி செத்தா பரவாயில்லை!"