பேயாண்டி சாக மாட்டேன் என்கிறான்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிரியாணியும் முடிந்து, மாடிப்படி ஏறும்போதே ஆஷ்லின் முடிவு செய்துவிட்டாள். இன்றைக்குப் பேயாண்டியைக் கொன்றே தீர வேண்டும்.

பேயாண்டி நிஜ ஆள் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்த அளவுக்கு எரிச்சல் வந்திருக்காது. ஆஷ்லின் சொந்தமாக உருவாக்கிய ‘ஏழு கோட்டை’ என்ற கதையாட்டத்தில் வெள்ளைத்துரை போடுகிற வேடம் அது. ஆஷ்லின் கதை சொல்வாள். எதிரே பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய் என்று கேட்பாள். ஆடுகிறவர் தன் ஆள் செய்வதைச் சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவார். அது நடந்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். வாரம் முழுக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் காட்டி, அடுத்த கணக்கு, அடுத்த கணக்கு என்று தொண்டை கட்டிப்போகிறவளுக்கு, தனக்கென்று இருந்தது இந்த ஏழு கோட்டை ஒன்றுதான்.

அந்த ஒன்றும் இப்போது போய்விடும் போலிருந்தது. நேற்று அவளுடைய சித்தி மகன் மெர்வின் போன் செய்து சொல்லிவிட்டான்.

“அக்கா, நானும் சூர்யாவும் பேசிட்டோம். அந்தப் பேயாண்டி இருக்குற வரைக்கும் நாங்க வரலைக்கா. மூணு மாசத்துல ரெண்டு கோட்டைதான் தாண்டிருக்கோம்.”

சூர்யா என்பது சூரியபிரகாஷ். மெர்வினின் சேக்காளி, விளாங்குடியில் பைக் ஷோரூமில் வேலை. இவர்கள் இரண்டு பேரும் வராவிட்டால் மிச்சம் ஆஷ்லினும் வெள்ளைத்துரையும்தான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு கோட்டையைப் பிடிக்க முடியாது, பல்லாங்குழிதான் ஆடலாம்.

“நாளைக்கு முடிச்சிடுறேன்டா,” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளைத்துரை அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடிக்காரர். குடும்பத்துக்கு வயல் உண்டு, அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனைவி சீனியம்மாள் கல்லாவில் உட்கார, இவர் காலையிலிருந்து இருட்டும்வரை மெஷின் முன்னால் நிற்பார். ஆராய்ச்சி மாணவர்கள் கடைசி நாளில் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “அண்ணே, சீக்கிரம்ணே” என்று உயிரை எடுப்பார்கள். ஒரு பக்கம் கோணலாக விழுந்தால் போதும், ஆகாத பேச்செல்லாம் பேசுவார்கள். அவர் கையில் ஒரு பக்கமும் கோணலாக விழுந்ததில்லை. பைண்டிங் போட்டுக் கொடுத்தால் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். அவ்வளவு சுத்தமான கை.

ஆஷ்லின் வினாத்தாள் நகலெடுப்பதும் அங்கேதான். ஒருநாள் கோட்டையின் வரைபடத்தை நகலெடுக்கக் கொடுத்தபோது உற்றுப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது எந்த ஊரு?” என்று கேட்டார். ஆசையாகக் கேட்கிறாரே என்று விளக்கிச் சொன்னாள். அடுத்த ஞாயிறு மொபெட்டில் வந்து வாசலில் நின்றார். தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொண்ட நாள் அது என்று பின்னாளில் ஆஷ்லின் பலமுறை நினைத்திருக்கிறாள்.

அன்றைக்குப் பார்த்து, ஆன்லைனில் சொல்லியிருந்த பலமுகப் பகடைகள் வந்து சேரவில்லை. வெள்ளைத்துரை வீட்டிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தார். அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆஷ்லின் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் மூன்று குணம்: பலம், லாவகம், உயிர்க்கெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை உருட்டல். கட்டை பாயைவிட்டு வெளியே போனால் செல்லாது, மறுபடி போடலாம். பாய்க்குள் விழுந்தால் விழுந்தது விழுந்ததுதான். பரீட்சைத் தாளில் அரை மார்க் கேட்டு அழுகிற பிள்ளைகளுக்கே இரங்காதவள், இதை இரண்டு முறை அழுத்திச் சொன்னாள்.

மெர்வினுக்கும் சூர்யாவுக்கும் மூன்றும் நாலுமாக விழுந்தது. மெர்வின் வில்லாளி ஆனான், சூர்யா மந்திரவாதி ஆனான். வெள்ளைத்துரைக்குப் பலம் இரண்டு. லாவகமும் இரண்டு. மூன்றாவதாக உயிர்க்கெட்டிக்கு உருட்டினார். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி, மறு கட்டையில் மொட்டை.

“தாயம்!” என்று நான்கு பேரும் கத்தினார்கள், ஆஷ்லினும் சேர்ந்துதான்.

தாயம் விழுந்தால் மறுபடி போட வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவர் போட்டார். ஆறு விழுந்தது. ஆறுக்கும் மறுபடி உண்டு. பிறகு ஐந்து. அதற்கும் உண்டு. பன்னிரண்டு, இன்னொரு பன்னிரண்டு, இன்னொரு ஆறு. மெர்வின் எழுந்து நின்று, “போடுங்கண்ணே, போடுங்க!” என்று குதித்தான். நாலு விழுந்து ஓய்ந்தபோது கூட்டிப் பார்த்தால் நாற்பத்தாறு. நாற்பத்தாறு என்று எழுதிய பிறகுதான் ஆஷ்லினுக்கு உறைத்தது, இது தாயம் இல்லை, வேறு ஆட்டம் என்று. கணக்கு டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் விழுந்தது விழுந்ததுதான் என்று சொன்ன வாயை என்ன செய்வது?

இப்படித்தான் பேயாண்டி பிறந்தான். ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பில்லை, கையில் கொடுத்ததெல்லாம் நழுவும், ஆனால் இடி விழுந்தாலும் எழுந்து உட்காருவான்.

வேறு யாராவது என்றால் இந்தக் குறையை மூடி மறைத்து ஆடியிருப்பார்கள். வெள்ளைத்துரை அதைக் கொண்டாடினார். காவலாளிகள் தூங்கும்போது மூவரும் பூனைபோல நுழைய வேண்டும் என்றால், “பேயாண்டிக்கு வேட்டி தடுக்குது டீச்சர், அண்டா மேல விழுறான்” என்பார். அண்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “கோட்டைன்னா அண்டா இருக்காதா?” என்பார். கோட்டையே விழித்துக்கொள்ளும். கிணற்றில் விழுவான், அவனைத் தூக்கவே ஒரு ஞாயிறு போய்விடும். எதிரி ராஜாவுக்கு வைத்திருந்த விஷத்தைத் தாகமாக இருக்கிறது என்று இவனே எடுத்துக் குடித்தான். சாகவில்லை. இன்னொரு குவளை கிடைக்குமா என்று வேறு கேட்டான். அகழி முதலை கவ்வி இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் முதலையின் பல் உடைந்த கதையோடு ஆட்டம் தொடங்கியது. சூர்யா அன்றைக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான், வேடத்தில் இல்லை, நிஜமாகவே.

ஒருமுறை பொறுக்க முடியாமல் ஆஷ்லின் கேட்டும்விட்டாள். “ஏண்ணே, கொஞ்சம் பாத்து நடக்கச் சொல்லக் கூடாதா அவனை?”

அவர் கட்டையைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “கடையில ஒரு தாளு கோணக் கூடாது டீச்சர். வாரம் முச்சூடும் அதே நெனப்பு. இங்க வந்தாதான் ஒருத்தன் நிம்மதியா கீழ விழுறான்.”

அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது உண்மைதான். அடுத்த நிமிடமே பேயாண்டி தீவட்டியைத் தவறவிட்டு ஓலைச்சுவடி அறையைக் கொளுத்தியதால் பழையபடி எரிச்சல் வந்துவிட்டது.

ஆக, இன்றைக்கு மூன்றாம் கோட்டை. உள்ளே ஒரு பூதம். நீண்ட சுரங்கப்பாதை, கடைசியில் ஒரு வாசல். இங்கே தூங்கி எழுந்து தெம்பு ஏற்றிக்கொள்ள வழியே கிடையாது. பூதத்துக்குக் கட்டையில் விழுகிற எண்ணுக்கு ஏற்ப அடிக்கு அடி உயிர்க்கெட்டி குறையும். எத்தனை இருந்தாலும் கரைந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு அமைத்த சாவு அது. மெர்வினும் சூர்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்கள். வெள்ளைத்துரை வழக்கம்போல எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்திருந்தார். அதைக் கையில் வாங்கும்போது ஆஷ்லினுக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

கணக்குப் போட்டவளுக்கு ஒன்று மட்டும் மறந்துவிட்டது. பூதம் அடித்தால் முதலில் விழுபவர்கள் மற்ற இருவரும்தான். வில்லாளி ஒரே அடியில் சாய்ந்தான். மந்திரவாதி மந்திரத்தைப் பாதி சொல்லும்போதே சாய்ந்தான். கோட்டைக்குள் மயங்கிக் கிடப்பவனை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாவிட்டால் அவன் கதை முடிந்தது. இதுவும் ஆஷ்லின் போட்ட விதிதான்.

“பேயாண்டி ஓடிறலாம்ணே,” என்றாள். “வாசல் தொறந்துதான் இருக்கு.”

“எங்கிட்டு ஓட?” என்றார் வெள்ளைத்துரை. “மெர்வின் தம்பி காலைப் புடிச்சு இழுக்குறான் டீச்சர்.”

“பலம் ரெண்டுதான். ஒரு தடவைக்கு ஒரு முழந்தான் நகரும்.”

“ஒரு முழம் ஒரு முழமா இழுக்குறான்.”

அவர் இழுத்தார். பூதம் அடித்தது. மறுபடி இழுத்தார். மறுபடி அடி. நடுவில் கை நழுவி வில்லாளியின் தலை படியில் இடித்தது, அதையும் விடாமல் சொன்னார். எந்த அவசரமும் இல்லை. ஒவ்வொரு முழத்தையும் உருட்டி, ஒவ்வொரு அடியையும் வாங்கி, வில்லாளியை வெளியே போட்டுவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டு மந்திரவாதிக்காக உள்ளே திரும்பினான் பேயாண்டி. ஆஷ்லினுக்குக் கட்டை உருட்டி உருட்டிக் கை வலித்தது. இந்த ஆள் ஒரு காரியத்தைச் சுருக்கமாக முடிக்கவே மாட்டாரா!

சூர்யா சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் எப்போது நிமிர்ந்தான் என்று அவள் கவனிக்கவில்லை. மெர்வின் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

“உயிரு இன்னும் எம்புட்டு இருக்குண்ணே?”

“ஒம்பது.”

“வாசலுக்கு?”

“ரெண்டு முழம்.”

மந்திரவாதியையும் வாசலுக்கு வெளியே உருட்டித் தள்ளியாயிற்று. பேயாண்டிக்கு மிச்சம் மூன்று. ஓர் அடி எடுத்து வைத்தால் வாசல். அங்கே வேட்டி தடுக்கியது. இந்தமுறை அவர் சொல்லவில்லை, கட்டைதான் சொன்னது. ஆஷ்லின் பூதத்துக்காக உருட்டினாள். இரண்டோ தாயமோ விழுந்தால் அவன் பிழைத்தான். மாதாவே, சின்னதாக விழட்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான், கொல்வதற்காக மாடியேறியவள்.

இரண்டும் மொட்டை. பன்னிரண்டு.

“அக்கா, கட்டை வெளிய போயிருச்சு!” என்று மெர்வின் பாய்ந்தான். “செல்லாது!”

“ஓரத்துலதான்டா கெடக்கு. உள்ளதான்.”

“நானும் பாத்தேன் மேடம், போயிட்டுத் திரும்பி வந்துச்சு,” என்றான் சூர்யா, கூசாமல்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இவர்கள் கேட்டுத்தானே இத்தனையும்? “விழுந்தது விழுந்ததுதான்,” என்றாள். பேயாண்டி செத்துப்போனான்.

கீழே அம்மா மிக்ஸி போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத்துரை, பேயாண்டியின் பெயரும் குணமும் எழுதியிருந்த அட்டையை ஓரம் பிசகாமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருந்தான்,” என்றார். பிறகு, “சரி டீச்சர். புதுசா ஒரு ஆளு போட்டுருவமா?”

கட்டையை எடுத்து உருட்டினார், பலத்துக்கு. பாயின் நட்டநடுவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. பன்னிரண்டு. மூன்று மாதத்தில் யாருக்குமே விழாத பலம். ஒற்றைக் கையால் கோட்டைக் கதவைப் பெயர்க்கிற ஆள். மெர்வினும் சூர்யாவும் கேட்ட மாதிரியே ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் இருவரும் சாவு வீட்டில் இருப்பவர்கள் போல இருந்தார்கள்.

வெள்ளைத்துரை கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோணலாக விழுந்த ஜெராக்ஸைப் பார்ப்பது போன்ற முகம்.

“இம்புட்டுப் பலத்த வச்சுக்கிட்டு நான் என்ன டீச்சர் செய்ய?”

ஆஷ்லின் பெருமூச்சு விட்டாள். இனி எத்தனை ஞாயிறு, எத்தனை கிணறு, எத்தனை அண்டா என்று ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. பாயின் நடுவில் கிடந்த கட்டைகளை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள்.

“வெளிய போயிருச்சுண்ணே,” என்றாள். “செல்லாது. மறுபடி போடுங்க.”